பெயர் மாற்றிய கார்டு

தெசங்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கல்யாணமான முதல் வருடத்திலேயே லியூபிஷா இதைத் தெரிந்துகொண்டான். அவள் பாத்திரத்தை உருட்டி, கதவை அறைந்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டினால் அவன் பாட்டுக்குத் தொலைக்காட்சி பார்ப்பான். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிடுவான்.

அந்த நவம்பரில் இறங்கிய குரல் பிப்ரவரி வரை ஏறவில்லை.

நீஷ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது அவளுடைய வயிற்றுப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் கேம் ஓடத் தேவையான கிராபிக்ஸ் கார்டுகளில் பழையவற்றைச் சமையலறை மேசையில் போட்டுப் பிரித்து, ஓட்டிப் பார்த்து, வீடியோ போடுவது அவளுடைய ஆசை. வாரம் இரண்டு கார்டுகள். ஒரே கேம், கேமில் ஒரே தெரு, ஒரே மழை. நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது, எவ்வளவு கரண்ட் குடிக்கிறது, விசிறி எப்படிக் கத்துகிறது, சந்தையில் என்ன விலை என்று ஒன்றுவிடாமல் பார்ப்பாள். கடைசியில் வழவழவென்று பேசாமல் ஒரே ஒரு தீர்ப்பு. புது கார்டு ஒன்றின் விலை இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும் ஊரில், அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டுத்தான் பல பேர் பர்ஸைத் திறந்தார்கள். கமெண்டில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறவர்கள்கூட, "தெசங்கா சொல்லிட்டா முடிஞ்சது" என்று அடங்கிப்போவார்கள்.

செப்டம்பரில் அவள் எடுத்துக்கொண்ட ஜோடி, 580, 1060 என்ற இரண்டு மாடல்கள். இரண்டும் எட்டு வருடத்துக்கு மேல் பழசு. இரண்டுக்கும் பின்னால் கால்பந்து ரசிகர்களைப் போல இரண்டு கூட்டங்கள் இன்னமும் அடித்துக்கொள்கின்றன. 1060 கரண்ட் கொஞ்சமாகக் குடிக்கும், சத்தமில்லாமல் இருக்கும். 580 சூடாகும், பசி அதிகம். ஆனால் எட்டு ஜிபி நினைவகம், பிந்தி வந்த கேம்களில் அஞ்சாறு பிரேம் கூடுதல். விலை ஒன்றாக இருந்தால் 580-ஐ வாங்குங்கள் என்று தெசங்கா சொன்னாள். அதில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

சோதனைக்கு இரண்டு கார்டையும் கொடுத்தவன் ராத்தோமிர். பழைய அங்காடிக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் நடைபாதையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அதைவிட முக்கியம், அவன் அவர்களுடைய கூம்; அவனுக்கு அவள் கூமா. கல்யாணத்தில் மெழுகுவத்தி பிடித்துப் பின்னால் நின்றவன், மகள் இஸ்க்ராவுக்கு ஞானஸ்நானத்தின்போது பெயர் சொன்னவன். அண்ணன் தம்பியோடு ஆயுசுக்கும் பேசாமல் இருக்கலாம், கூமோடு முடியாது. கூம் என்ன சட்டைப் பொத்தானா, அறுந்தால் வேறொன்று தைத்துக்கொள்ள என்பார்கள்.

வீடியோ வந்த மறுவாரமே ராத்தோமிர் கடைக் கண்ணாடியில் அவள் படத்தைப் பெரிதாக ஒட்டினான். "தெசங்காவின் தேர்வு: 580. இங்கே கிடைக்கும்." அவள் சிரித்துவிட்டு, படத்தில் மூக்கு பெரிதாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் ஒரு தினார் தரவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கூமிடம் யார் கணக்குப் பார்ப்பார்கள்?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் க்வோஸ்தென் வந்து கதவைத் தட்டினான். கதவு நிறைய நிற்கும் ஆள். கீழ்க்கடைக்கு ரொட்டி கொண்டுவரும் வேன் டிரைவர், முகம் தெரியும், பேசியதில்லை. கையில் துணியில் சுற்றிய பொட்டலம்.

"நீங்கதானே கார்டு வீடியோ போடுறது?"

"ஆமா."

"நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்குனேன். பாதி ரோட்டுல கண்ணு அவிஞ்சு போகுது."

அவள் உள்ளே வரச் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கதையைச் சொன்னான். தம்பி ஆஸ்திரியாவில், லின்ஸில் கட்டட வேலை. வருடத்துக்கு ஒருதரம்தான் ஊருக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து லாரி ஓட்டும் கேமில் சேர்ந்து போவார்கள். அவன் முன்னால் ஒரு லாரி, தம்பி பின்னால் ஒரு லாரி, பேசிக்கொண்டே. ஆறு நாள் நிஜ வேன் ஓட்டுகிறவன் ஏழாம் நாள் பொய் லாரி ஓட்டுகிறானே என்று பெண்டாட்டி சிரிப்பாளாம். அவனும் தம்பியும் வேறு எப்படி ஒன்றாக எங்கேயாவது போக முடியும்? இந்தக் கார்டைப் போட்ட நாளிலிருந்து கால்மணி நேரத்தில் திரை இருண்டுவிடுகிறது. கடைக்குப் போனால், கரண்ட் கொடுக்கிற பெட்டி சரியில்லை, புதுசு வாங்கு என்றார்கள். வாங்கினான். திரும்பவும் இருண்டது. தூசி என்றார்கள். துடைத்தான். மறுபடி போனபோது, திறந்துவிட்டாய், உத்தரவாதம் போச்சு என்று சொல்லிவிட்டார்கள்.

"எந்தக் கடை?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரியும்.

"உங்க படம் ஒட்டியிருக்கே, அந்தக் கடை."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அடையாளத்துக்குச் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கார்டைத் தன் சோதனைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் 580 என்றுதான் பெயர் வந்தது. கேமை ஓட்டினாள். செப்டம்பரில் ஓட்டிய அதே தெரு, அதே மழை. பிரேம்கள் கீழே கிடந்தன. 1060 தந்ததைவிடவும் கீழே. பன்னிரண்டாம் நிமிடம் விசிறி ஊளையிட்டு, திரை இருண்டது. கார்டின் உள்விவரங்களைக் காட்டும் நிரலைத் திறந்தாள். கணக்குப் போடும் அலகுகள் 580-இல் இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை. 570-இல் எத்தனையோ அத்தனை. அதாவது இது 580-க்குத் தம்பியான 570. யாரோ உட்கார்ந்து இதன் நினைவுச் சில்லில் அண்ணன் பெயரை எழுதி, அண்ணனின் வேகத்தையும் திணித்து விட்டிருக்கிறார்கள். தாங்கமுடியாமல் அது மயங்கி விழுகிறது. மூடியைத் திறந்தால், உள்ளே வெப்பம் கடத்தும் பட்டைகள் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தன. ஏதோ கொட்டகையில் கிரிப்டோ காசு தோண்டுவதற்காக ராப்பகலாக வருடக்கணக்கில் எரிந்த கார்டு.

"என் வீட்டுப் பெட்டியில கோளாறு இல்லையா?" என்று க்வோஸ்தென் கேட்டான்.

"இல்ல."

"அப்ப நான் துடைச்சதால இல்லையா?"

"உங்க மேல ஒண்ணும் இல்ல" என்றாள் தெசங்கா. குரல் அப்போதே பாதிக்கு இறங்கிவிட்டது. லியூபிஷா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

ராத்தோமிரைப் போனில் பிடித்தபோது அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. அனுப்புகிறவன் கலந்துவிட்டிருப்பான், ஒன்றிரண்டு அப்படி வந்திருக்கும், அந்த ரொட்டிக்காரனைத் திங்கட்கிழமை வரச் சொல், வேறு தருகிறேன் என்றான். ஒன்றிரண்டா என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஒன்றிரண்டுதான் கூமா, நீ ஏன் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிறாய் என்று இஸ்க்ராவின் படிப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தான்.

அவள் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். கடையில் கூட்டம். கூமாவை யார் தடுப்பார்கள்? நேரே பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பின்கட்டில் மீன் சந்தையில் மீன் அடுக்குவதுபோல கார்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் கழுவிக் காயவைத்தவை. ஒரு பக்கம் புது ஸ்டிக்கர் ஒட்டியவை. நடுவில் ராத்தோமிர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கார்டாகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தான். அனுப்புகிறவனும் இல்லை, கலப்பும் இல்லை. அவனேதான். பக்கத்தில் பாதி தின்ற புரெக் பலகாரமும் தயிரும்.

அவளைப் பார்த்ததும் மறைக்க முயற்சி செய்யவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு. கத்தறதுன்னா உக்காந்து கத்து."

"எனக்கு நீ குடுத்தது அசல்."

"பின்ன? உனக்குப் போய் இதக் குடுப்பேனா?"

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் பாசம் இருந்தது. நிஜமான பாசம். தெசங்காவுக்கு அதைப் பார்த்துத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் பொறுமையாக விளக்கினான். கிழக்கே ஒரு கிரிப்டோ கொட்டகை திவாலாகி, கார்டுகளை எடைக்குப் போட்டார்கள். எல்லாம் 570. அதைக் கேட்டு எவனும் வரமாட்டான். ஊரில் எல்லாரும் 580 வேண்டும் என்று நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள்? அவள் சொன்னதால். இரண்டுக்கும் அஞ்சாறு பிரேம் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியுமா? தெரியாத ஒன்றுக்கு யார் நஷ்டப்பட்டார்கள்?

"ஜனங்களுக்கு ஒரு நம்பர் வேணும், கூமா. நான் நம்பர் விக்கிறேன். நீயும் நம்பர்தான் விக்கிற. உன்னோடது கொஞ்சம் சுத்தமா இருக்கு, அவ்வளவுதான்."

அவள் வெளியே வந்து, கடைக்காரப் பெண்ணிடம் ஒரு சுரண்டியை வாங்கி, கண்ணாடியில் இருந்த தன் முகத்தைச் சுரண்டினாள். வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பசை நல்ல பசை. நெற்றியும் ஒரு கண்ணும் போகவேயில்லை.

வீட்டில் லியூபிஷா எல்லாவற்றையும் கேட்டான். ராத்தோமிர் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டான். பிறகு, அதைத் தான் போய்ப் பேசிக்கொள்வதாகவும் வீடியோ கீடியோ என்று கிளம்பவேண்டாம் என்றும் சொன்னான். தன் கால் முறிந்து கிடந்த மாதத்தில் தினமும் மாடிப்படியில் தன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியது யார்? தெசங்காவின் அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்கு முன்தோள் கொடுத்தது யார்?

"அப்பா பெட்டியத் தூக்கினதுக்காக ஊரையே ஏமாத்தலாமா?" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்ன?"

ஒரு வாரம் அவகாசம் கேட்டான். அவள் கொடுத்தாள். லியூபிஷா போய்ப் பேசினான். ராத்தோமிர் நிறுத்திவிடுவதாகச் சொன்னான். இரண்டு பேரும் ஆளுக்கொரு கிளாஸ் ராக்கியா சாராயம் குடித்தார்கள்.

தெசங்கா அதை நம்பத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் கோபம் என்பது எக்ஸ்ரே மாதிரி, ஒருதரம் உள்ளே பார்த்துவிட்டால் தோலை மட்டும் பார்க்க முடிவதில்லை. மருத்துவமனையில் கூட வேலை செய்யும் மூன்று பேரை, முன்பின்னாக, கடைக்கு அனுப்பினாள். ஆளுக்கு ஒரு 580 வாங்கி வரச் சொன்னாள். ஒருத்தியிடம் கூடவே ஒரு 1060-உம். மூன்று 580-உம் பொய். 1060 மட்டும் உள்ளது உள்ளபடி இருந்தது, ஏனென்றால் அதை யாரும் கேட்கவில்லை, அது அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. யாரும் கேட்காமல் போனதற்கும் அவள்தான் காரணம்.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் குரலே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். செப்டம்பரில் கூம் நீட்டியதை வாங்கி மாட்டியபோது, இதையே கடையில் வாங்கினால் என்ன வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்? கேமில் மழையைக்கூட ஒரே மாதிரி வைக்கத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லை. ராத்தோமிர் மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பழைய ஒப்பீட்டையே திரும்ப எடுத்தாள். இந்தத் தடவை, ஒரு பக்கம் செப்டம்பரில் ஓடிய அசல் 580, நடுவில் 1060, மறுபக்கம் கடையில் வாங்கிய மூன்று. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். இசை கிடையாது, வேடிக்கைப் பேச்சு கிடையாது. முதல் தடவை ஜெயித்த பெயர் இந்தத் தடவை 1060-இடம் எல்லாக் கேமிலும் தோற்றது. ஒன்று நடுவில் இருண்டது. அது இருண்டு கிடந்த திரையை வெட்டாமல் அப்படியே விட்டாள். பிறகு கடையின் பெயரைச் சொன்னாள். கடைக்காரன் தன் கூம் என்பதையும் சொன்னாள். செப்டம்பர் வீடியோவுக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிச் சோதித்தது தன் தப்பு என்று ஒரே வரியில் முடித்தாள். வாங்கியவர்கள் உள்விவரம் பார்ப்பது எப்படி என்று காட்டினாள்.

அடுத்த வாரம் புனித நிக்கோலாஸ் நாள். லியூபிஷா குடும்பத்து ஸ்லாவா. குலதெய்வத் திருநாளுக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள், வருகிறவர்கள் வருவார்கள், வந்தவனைத் திருப்பி அனுப்பக்கூடாது. அது கழியட்டும், பிறகு போடு என்று லியூபிஷா கெஞ்சினான்.

"புது வருஷப் பரிசு வாங்க ஜனங்க இந்த வாரந்தான் கடைக்குப் போகும்" என்றாள். "அவன் இன்னும் எத்தனை பேருக்கு வித்து முடிக்கிற வரைக்கும் நான் நிக்கணும், சொல்லு."

அவள் அன்றைக்கே போட்டாள்.

ராத்தோமிர் வரமாட்டான் என்று லியூபிஷா நினைத்தான். ஸ்லாவா அன்று மதியம், மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் மீன் சூப்பு குடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கோட்டும் டையுமாக ராத்தோமிர், கையில் ஒயின் பாட்டில்; பக்கத்தில் அவன் மனைவி மிலுங்கா, தலையைக் குனிந்தபடி. தெசங்கா இனிப்புக் கோதுமைத் தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவன் சிலுவைக்குறி இட்டு, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வாழ்த்துச் சொன்னான். இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவள் அவனுக்கும் சூப்பு ஊற்றினாள். சூடு போதுமா என்றுகூடக் கேட்டாள்.

மேசையில் எல்லாரும் வீடியோவைப் பார்த்தவர்கள்.

"கூமா" என்றான் ராத்தோமிர், எல்லாருக்கும் கேட்கும்படி. "வீடியோ பாத்தேன். வெளிச்சம் நல்லா வந்திருக்கு."

"ரொட்டி எடுத்துக்கோ."

"உங்க கல்யாணத்துல மெழுகுவத்தி புடிச்சவன் நான். உன் மகளுக்குப் பேர் சொன்னவன். அஞ்சாறு பிரேமுக்காக என்னை ஊர் சிரிக்க வச்சிட்டியே."

லியூபிஷா, சாப்பாட்டு மேசையில் வேண்டாம் என்பதுபோலக் கையைத் தூக்கினான். தெசங்கா அவனைப் பார்க்கவில்லை. சூப்புச் சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, நின்றபடியே, பக்கத்து ஆள் குனிந்து கேட்கிற குரலில் சொன்னாள்:

"அஞ்சாறு பிரேம்தான்னா, நீயே சொல்லி வித்திருக்கலாமே. 'இது ஐந்நூத்தி எழுபது, வருஷக்கணக்குல எரிஞ்சது'ன்னு ஒரு சீட்டு ஒட்ட வேண்டியதுதானே."

"ஒட்டினா எவன் வாங்குவான்?" என்றான் ராத்தோமிர்.

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே உறைத்தது. மேசையின் கோடியில் லியூபிஷாவோடு வேலை செய்யும் ஒருவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் ஒயினில் புரைக்கேறி இருமினார். மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்தோமிர் காது மடல் சிவக்க, மீன் முள்ளை விரலால் தள்ளினான்.

மிலுங்காதான் முதலில் அசைந்தாள். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "எந்திரி, போகலாம்" என்றாள். அவன் எழவில்லை. "எங்கிட்ட என்ன சொன்ன? அனுப்புறவன் ஏமாத்திட்டான்னுதானே சொன்ன? எந்திரி."

லியூபிஷா கோட்டுகளை எடுத்துக் கொடுத்து, தெருவரைக்கும் கூடப் போனான். திரும்பி வர வெகுநேரம் ஆனது. விருந்தாளிகள் போன பிறகு பாத்திரம் முழுவதையும் அவனே கழுவினான். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. புது வருஷம் வந்து, போய், அவர்கள் வழக்கப்படி ஜனவரி ஏழில் கிறிஸ்துமஸும் வந்தது. பேசவேண்டியதை இஸ்க்ரா மூலம் சொல்லி அனுப்பினார்கள். இஸ்க்ராவுக்குப் பதினாலு வயது. நான் என்ன உங்கள் தபால்காரியா என்று இரண்டு பேரையும் ஏசினாள்.

வெளியே நடந்தது தெசங்கா நினைத்ததுபோல நடக்கவில்லை. கடை முன்னால் ஆட்கள் கூடினார்கள். சத்தம் போட்டவர்களுக்கு ராத்தோமிர் பணத்தைத் திருப்பினான். சத்தம் போடத் தெரியாதவர்களை நாளைக்கு வா என்றான். அதிகாரி ஒருவர் வந்து, காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார்; அதோடு சரி. பிறகு ராத்தோமிர் மிச்சக் கார்டுகளை இணையத்தில் வேறொரு பெயரில் விற்க ஆரம்பித்தான்.

திட்டு அவளுக்கும் விழுந்தது. உனக்கு எவ்வளவு கமிஷன் வந்தது, பங்கு சரியாகப் பிரியவில்லை என்றுதானே காட்டிக்கொடுத்தாய், கூமையே விற்றவள் எங்களை விற்கமாட்டாயா என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். லெஸ்கோவாட்ஸ் ஊரிலிருந்து ஒருவன், நீ சொல்லி வாங்கி மூன்று மாதம் நொண்டி கார்டை வைத்துக்கொண்டு அழுதேன், இப்போது வந்து நல்லவள் வேஷம் போடுகிறாய் என்று எழுதினான். மற்றவர்களுக்கு அவள் சுடச்சுடப் பதில் கொடுத்தாள். அவனுக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல், கார்டை அனுப்பு, என்னிடம் இருப்பதில் ஒன்றைத் தருகிறேன் என்று எழுதினாள். அனுப்பினான். நன்றி என்று ஒரு சொல் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை என்று அவளுக்கே தோன்றியது.

க்வோஸ்தெனுக்கு அந்த 1060-ஐக் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக அவன் சனிக்கிழமைதோறும் கதவுக் கைப்பிடியில் ஒரு பை ரொட்டியை மாட்டிவிட்டுப் போனான். மூன்று பேர் வீட்டில் அத்தனை ரொட்டியை என்ன செய்வது? நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். லாரி இப்போது வழுக்கிக்கொண்டு போகிறதாம், தம்பி லின்ஸில் இருந்து, அண்ணே நீ இப்பத்தான் ஒழுங்கா ஓட்டுற என்றானாம். அதைச் சொல்லிவிட்டு அடுத்த வாரமும் மாட்டினான்.

பிப்ரவரியில் இஸ்க்ராவின் பிறந்தநாளுக்கு மிலுங்கா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே ஒரு பெட்டியைக் கொடுத்து, பேர் சொன்னவர் கொடுத்தனுப்பினார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பெட்டிக்குள் 580.

தெசங்கா அதைத் தொடவே கூசினாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, மாட்டினாள். பெயர் சரி, அலகுகள் சரி. ஓட்டினாள். அரைமணி நேரம் ஆகியும் அசரவில்லை. திறந்து பார்த்தாள்: புது வெப்பப் பட்டைகள், நல்ல பசை, தூசியே இல்லை. பொறுமையாக, பிரியமாக, யாரோ சொந்தப் பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்திருந்தார்கள்.

லியூபிஷா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநாளைக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசினான்.

"அசலா?"

"அசல்."

"அப்ப நல்லதுதானே?"

அவள் திரும்பினாள். இத்தனை மாதம் பொய் கார்டுகளைப் பார்த்தபோதெல்லாம் வராத அளவுக்குக் கோபம், இந்த ஒரு நல்ல கார்டைப் பார்த்து வந்திருந்தது.

"எது அசல்னு அவனுக்கு எப்பவும் தெரிஞ்சிருக்கு, லியூபிஷா. எப்படிச் சுத்தம் பண்றதுன்னும் தெரியும். தெரிஞ்சுகிட்டே வீட்டு மனுஷங்களுக்கு ஒண்ணு, ஊரானுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்கான். இத நான் வாங்கிக்கிட்டா, நானும் அந்தப் பிரிப்புல சம்மதிச்சு உக்காந்த மாதிரி."

"குழந்தைக்குக் குடுத்தது."

"அதனாலதான் குடுத்திருக்கான்."

இஸ்க்ரா தன் அறையிலிருந்து வந்தாள். எனக்கு வந்த பரிசைப் பற்றி என்னைக் கேட்காமல் இரண்டு பேரும் பஞ்சாயத்து நடத்துகிறீர்களே என்றாள். அவளிடம் இருந்தது அம்மா சோதித்துக் கழித்த கார்டுகளிலேயே கிழம். தோழிகள் ஆடும் எந்த கேமும் அதில் ஓடாது.

"திருப்பிக் குடுக்கணும்னா குடு. எனக்கும் அவர்மேல கோபந்தான். ஆனா ஒரு கார்டு வாங்கிக் குடு. கோபத்த வச்சு கேம் ஓடாது."

லியூபிஷா பெட்டியை மூடி, தானே எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் வரும்வரை தெசங்கா அடுப்படியை விட்டு நகரவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தான். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

"எனக்கு அவன் கூம்தான்" என்றான். "அத என்னால மாத்த முடியாது. உனக்கும் இஸ்க்ராவுக்கும் இல்ல. அவன்கிட்டயே சொல்லிட்டேன். இனி இந்த வீட்டுக்கு வரவேண்டாம்னும் சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"காபி போட்டான்."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

எவ்வளவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்பது தெசங்காவுக்குப் புரிந்தது. அது அவனுக்கு என்ன விலை என்பதும் புரிந்தது. இருந்தாலும் அந்தக் காபியை அவளால் விழுங்க முடியவில்லை. எழுந்துபோய், சூப்புச் சட்டியை அலமாரியில் ஓங்கி வைத்து, கதவை அறைந்து, வெட்கம் கெட்டவனே, இன்னும் சர்க்கரை கேட்டு வாங்கிக் குடித்தாயா என்று மாடி அதிரக் கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். லியூபிஷா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இஸ்க்ராவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். முப்பது நிமிஷப் பயணத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில், பள்ளி ஆசிரியை ஒருத்தி தன் 1060-ஐ விற்பதாக இணையத்தில் போட்டிருந்தாள். அந்த அம்மாள் வீட்டிலேயே உட்கார்ந்து, அவள் கம்ப்யூட்டரிலேயே, உள்விவரம் பார்த்து, ஒருமணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெசங்கா தலையாட்டினாள். இவ்வளவு சந்தேகப்படுகிறவளை இதுவரை பார்த்ததில்லை என்று ஆசிரியை முகம் சுளித்தாள். தெசங்கா மன்னிப்புக் கேட்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, கார்டை மகள் கையில் கொடுத்தாள்.